மயக்கம் என்ற சொல்லும் பதினொரு குழல்களும்

திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசையைக் கேட்டு மயங்கினோம் என்று சொல்லிக்கொள்வது இன்று எளிதாகிவிட்டது. இணையத்தில் தியானத்துக்கான குழலிசை என்று தேடினால் எட்டு மணி நேரமும் பத்து மணி நேரமும் ஓடும் பதிவுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு தொடர், பின்னால் மழையோ அருவியோ, மீண்டும் அதே தொடர். கேட்பவர் உறங்கிவிட வேண்டும் என்பதே அவற்றின் குறிக்கோள். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் குழலுக்கென உருவான சில அரிய ஆக்கங்களையும், திரும்பக் கூறல், மயக்கம் என்னும் இதே இரண்டு சொற்களைக் கொண்டு சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு வகையும் ஒன்றே என்ற எண்ணம் நல்ல வாசகர்களிடையிலும் நிலவுகிறது. அவ்வெண்ணத்தை மறுக்கவே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். மயக்கம் என்றால் இன்று தலைசுற்றல், போதை, மோகம், நினைவிழத்தல். இலக்கண நூலாருக்கோ அது கலத்தல். ஒரு மெய்யெழுத்தை அடுத்து இன்னொரு மெய்யெழுத்து வந்து நிற்பதை மெய்ம்மயக்கம் என்றனர். ஒரு திணைக்குரிய பொருள் இன்னொரு திணையில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்றனர். மெய்ம்மயக்கத்திலும் இருவகை கண்டனர். ‘பக்கம்’ என்பதிற்போல ஓரெழுத்து தன்னோடு தானே சேர்வது உடனிலை. ‘பங்கு’ என்பதிற்போல வேறோர் எழுத்தோடு சேர்வது வேற்றுநிலை. இவற்றில் எந்த எழுத்தும் தன்னை இழந்துவிடுவதில்லை. சேர்ந்து நின்றும் இரண்டும் ஒலிக்கின்றன. திரும்பக் கூறும் குழலிசையில் சிறந்தது எதுவோ அது நமக்குத் தருவது இலக்கண நூலாரின் மயக்கத்தை. உறக்கத்துக்கென விற்கப்படுவது தருவது மருத்துவரிடம் சொல்லும் மயக்கத்தை. நம் வாதம் இவ்வளவே.

இதற்கு நாம் முன்வைக்கும் முதற்சான்று, அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1982இல் எழுதிய ‘வெர்மான்ட் கவுன்ட்டர்பாயின்ட்’. குழற்கலைஞர் ரான்ஸம் வில்சனின் வேண்டுகோளின்பேரில் எழுதப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஒலிப்பது. மேடையில் நிற்பவர் ஒருவரே. பத்துக் குழல்கள் முன்கூட்டியே பதியப்பட்டு ஒலிபெருக்கிவழி வருகின்றன. தாழ்ந்த குரலுடைய ஆல்ட்டோ குழல் மூன்று, வழக்கமான மேலைக்குழல் மூன்று, உச்சக் குரலில் ஒலிக்கும் சிறுகுழலான பிக்கலோ மூன்று, தனிக்குழல் ஒன்று. மேடையில் நிற்பவர் பதினோராமவர். அவர் இம்மூவகைக் குழல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் எடுத்து ஊதுவார். பதினொரு கலைஞர்கள் கூடி வாசிப்பதற்கும் இடமுண்டு. எனினும் ஒருவர் தனியே நின்று பத்துப் பதிவுக் குரல்களோடு ஊடாடுவதையே ரைஷ் முதன்மையாகக் கருதினார்.

இதன் கட்டுமானம் எளியது. ஒரு குழல் சிறு தொடரொன்றைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொரு குழல் அதே தொடரைச் சற்றுத் தள்ளித் தொடங்க வருகிறது. ஆனால் ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. முதலில் ஓரிரு சுரங்கள் மட்டும், மற்ற இடமெல்லாம் மௌனம். அடுத்தடுத்த சுற்றுகளில் மௌனம் இருந்த இடங்களில் ஒவ்வொன்றாகச் சுரங்கள் வந்து அமர்கின்றன. எல்லா இடமும் நிரம்பியபின் பார்த்தால் அது முதற்குழலின் தொடரேதான், இடம் மட்டும் தள்ளியிருக்கிறது. மூன்றாம் குழலும் இவ்வாறே சேர்கிறது.

ஓர் உரலில் மூன்று பெண்கள் மாற்றுலக்கை போடுவதைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொருவரும் போடுவது ஒரே சீரான குத்துத்தான். காதில் விழும் தாளமோ மூவரில் எவருடையதும் அன்று. ஒரே நிறமுடைய மூன்று குழல்கள் ஒன்றையே முன்னும் பின்னுமாக ஊதும்போது, எந்தச் சுரம் எந்தக் குழலுடையது என்று பிரித்தறிய இயலாத காது, அருகருகே நிற்கும் சுரங்களைத் தானே கோத்துப் புதுமெட்டுகளைக் கேட்கத் தொடங்குகிறது. அவை எவரும் ஊதாத மெட்டுகள். அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து மேடைக் கலைஞருக்கென எழுதிவைத்திருக்கிறார் ரைஷ். நாம் ஐயத்தோடு கேட்டுக்கொண்டிருந்த ஒன்றை அவர் வாய்விட்டு ஊதும்போது, ஆம், அது அங்கேதான் இருந்தது என்று தெளிகிறோம். பிறகு சூழ்ந்திருந்த குழல்கள் மெல்ல அடங்குகின்றன. அந்தப் புதுமெட்டே அடுத்த பகுதிக்கு முதலாகிறது. தமிழ் படித்தவர்க்கு இம்முறை புதிதன்று. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாவதை அந்தாதி என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். அந்தாதியில் திரும்பிவரும் சொல் நம்மைத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்துவதில்லை. அது அடுத்த வாயிலைத் திறக்கும் திறவுகோல்.

திரும்பக் கூறலுக்குப் பெயர்போன இவ்வாக்கத்தில் உண்மையில் திரும்பக் கூறல் எவ்வளவு? ஓர் அடி மூன்று முறைக்கு மேல் திரும்புவது அரிது என்று இதற்கான குறிப்பில் ரைஷே தெரிவிக்கிறார். நான்கு பகுதிகள், நடுவே தளர்ந்து மீளும் வேகம், விரைந்து மாறும் சுரத்தளம். 1965இல் அவர் ‘இட்ஸ் கோனா ரெய்ன்’ என்ற ஆக்கத்தை உருவாக்கியபோது நிலைமை வேறு. சான்பிரான்சிஸ்கோவில் தெருவோரம் நின்று முழங்கிய மதபோதகர் ஒருவரின் குரலைப் பதிந்து, ஒரே துணுக்கை இரு ஒலிநாடாக்களில் ஓடவிட்டு, அவை ஒன்றையொன்று விட்டு மெல்ல விலகுவதைக் கேட்க வைத்தார். அங்கே துணுக்கு மாறாது. விலகல் மட்டுமே மாறும். பதினேழு ஆண்டுகளில், பொறி செய்த வேலையை மனிதக் காதும் மனித மூச்சும் செய்யும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார். இடையில் 1970இல் கானா நாட்டுக்குச் சென்று அங்குள்ள முழவிசையைப் பயின்றதும் இப்பயணத்தின் ஒரு பகுதி.

நம் நிரவலில் இல்லாததா இது என்று கச்சேரி கேட்டுப் பழகிய நண்பர்கள் கேட்கக்கூடும். அவசரப்பட வேண்டியதில்லை. நிரவலில் சாகித்திய வரி மாறாமல் நிற்க, இசை அதன்மேல் வேறுவேறாகப் பெருகுகிறது. ரைஷிடம் சுரத்தொடர் மாறாமல் நிற்க, அது நிற்கும் இடம் மாறுகிறது. முன்னதில் பாடகரின் கற்பனை நமக்கு வந்து சேர்கிறது. பின்னதில் கேட்பவரின் காதே கற்பனை செய்ய அழைக்கப்படுகிறது. இரண்டும் பெரியவை. ஒன்றை மற்றொன்றின் நகலாகச் சொல்வது இரண்டுக்கும் நியாயமாகாது.

குழல் ஏன் இதற்கு ஏற்ற கருவியாகிறது? அதற்கு மூச்சு வேண்டும் என்பதால்தான். ஒலிப்பதிவு களைப்பதில்லை. பத்துக் குழல்களும் இன்று ஒலித்தவாறே நாளையும் ஒலிக்கும். பதினோராமவருக்கு நெஞ்சு நிறைந்து காலியாகிறது. மூக்கால் உள்ளிழுத்தபடியே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளிவிடும் சுழல்மூச்சுக்குக் குழற்கலைஞர்கள் தனிப்பயிற்சி எடுப்பதுண்டு. அப்போதும் இரண்டு மூச்சு ஒன்றாவதில்லை. பொறி திரும்பக் கூறும். மனிதரோ ஒவ்வொரு முறையும் மறுபடி செய்தாக வேண்டும். இந்த வேற்றுமையை மேடையில் கண்ணெதிரே நிறுத்துகிறது இவ்வாக்கம். உடனிலைபோலத் தோன்றும் ஒவ்வொன்றும் உள்ளே வேற்றுநிலை.

திரும்பக் கூறல் மனிதரைத் தானாகவே பரவசத்தில் தள்ளிவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிராகப் பிரெஞ்சு இனவிசையியலாளர் கில்பேர் ரூழே 1980இல் விரிவான நூலொன்றே எழுதினார். எந்தத் தாளத்துக்கும் எந்தச் சுரத்துக்கும் கேட்போர் எல்லாரையும் ஆவேசத்தில் ஆழ்த்தும் உள்ளார்ந்த ஆற்றல் கிடையாது என்பது அவர் கண்ட முடிவு. சாமியாடுபவர் ஆடுவது முழக்கின் விசையால் மட்டுமன்று. ஊரின் நம்பிக்கை, சடங்கின் முறை, ஆட வேண்டியவர் இன்னார் என்ற எதிர்பார்ப்பு இவையனைத்தும் சேர்ந்தே ஆட்டுவிக்கின்றன. கூட்டமும் ஓசையும் அசைவும் சூழ வருவதை ஒரு நிலையாகவும், தனிமையும் அமைதியும் அசைவின்மையும் சூழ வருவதை வேறொரு நிலையாகவும் அவர் பிரித்தார். தமிழில் முன்னதை ஆவேசம் என்றும் பின்னதை ஒடுக்கம் என்றும் கொள்ளலாம். இது சரியானால், இசை நம்மை மயக்கிவிட்டது என்று பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழியில்லை. மயங்குவதில் நமக்கும் பங்குண்டு. எப்படிக் கேட்கிறோம் என்பது நம் செயல்.

ஒடுக்கம் என்ற இரண்டாம் நிலைக்கு ஜப்பானின் ஷகுஹாச்சியைக் காட்டிலும் தக்க எடுத்துக்காட்டு இல்லை. ஐந்து துளைகள் கொண்ட மூங்கிற்குழல். ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் நீளம். அந்நாட்டுப் பழைய அளவையில் அந்த நீளத்தைக் குறிக்கும் சொல்லே கருவியின் பெயராயிற்று. முகத்தை மறைக்கும் கூடைத் தொப்பி அணிந்து ஊர் ஊராய்த் திரிந்த கொமுசோ என்னும் துறவியர் அதை இசைக்கருவியாக எண்ணவில்லை. அமர்ந்து செய்யும் தியானத்துக்கு இணையாக ஊதிச் செய்யும் தியானம் என்று கொண்டனர். சுய்ஸென் என்பது அதன் பெயர். அவர்களது ஃபுகே நெறியை மெய்ஜி அரசு 1871இல் ஒழித்தது. இசை தப்பிப் பிழைத்தது. ஹொன்க்யோகு எனப்படும் அந்தத் தனியிசையில் ஒரு மூச்சுக்கு ஒரு தொடர். தொடங்கி, பெருகி, மெலிந்து, காற்றோசையாய்க் கரைந்து அடங்கும். பிறகு மௌனம். மீண்டும் அதேபோன்ற ஒரு தொடர். இரண்டாம் முறை அது முன்னதன் நிழலோடு வருகிறது. இடையில் நின்ற மௌனமும் சேர்ந்து ஒலிக்கிறது. உறக்கம் வரவழைக்கும் இசையில் இந்த மௌனத்துக்கு இடமில்லை. அங்கே இடைவெளி வந்தால் கேட்பவர் விழித்துக்கொள்வார்!

தோரு தகெமிட்சு 1967இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்காக ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ எழுதியபோது ஷகுஹாச்சியையும் பிவா என்ற நரம்புக் கருவியையும் மேலைப் பல்லியத்தின் முன் நிறுத்தினார். இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிட அவர் முயலவில்லை. தனித்தனியே நிற்கவிட்டார். வேற்றுநிலை மயக்கத்துக்கு இசையில் இதைவிடத் துணிவான சான்றை நாம் கேட்டதில்லை.

மேலைக்குழலுக்குள்ளேயே இந்த மூச்சின் மெய்யை அகழ்ந்தெடுத்தவர் இத்தாலியரான சால்வதோரே ஷாரினோ. தனிக்குழலுக்கு அவர் 1985இல் எழுதிய ஆக்கமொன்றின் தலைப்பே ஒரு வினா: மாயங்கள் எவ்வாறு உண்டாக்கப்படுகின்றன? அதில் நாம் எதிர்பார்க்கும் குழலோசை பெரும்பாலும் இல்லை. ஊதுதுளையை நாவால் சட்டென்று அடைக்கும்போது எழும் ஆழ்ந்த துடிப்பும், சாவிகளைத் தட்டும் ஓசையும், விடாமல் தொடர்கின்றன. யாரோ ஒருவரின் மார்பில் காதை வைத்துக் கேட்பதுபோலிருக்கும். மாயத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் அது செய்யப்படும் விதத்தையே கேட்கக் கொடுக்கிறார். கேட்டும் மாயம் குறைவதில்லை. மயக்கத்துக்குத் தெளிவு பகையன்று என்பதற்கு இதுவே போதிய விடை.

உறக்கக் குழலிசையின் மூதாதையரையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் குழற்கலைஞர் பால் ஹார்ன் 1968இல் தாஜ்மகாலின் குவிமாடத்தின்கீழ் இரவில் தனியே நின்று ஊதிப் பதிந்த ‘இன்சைட்’ என்ற தொகுப்பிலிருந்து அந்த மரபு பெரிதும் கிளைத்தது. ஆனால் அந்தப் பதிவைக் கேளுங்கள். அவர் ஒரு தொடரை ஊதுகிறார். குவிமாடம் அதை வாங்கிச் சுழற்றி நெடுநேரம் திருப்பித் தருகிறது. அவர் காத்திருக்கிறார். திரும்பிவந்ததைக் கேட்டு, அதனோடு பொருந்தும் அடுத்த சுரத்தை வைக்கிறார். காவலர் ஒருவரின் குரலும் ஒருகட்டத்தில் அந்த எதிரொலியில் கலக்கிறது. கட்டடமே உடன் வாசிக்கும் கலைஞராகிவிட்டது. பின்வந்த வணிகம் எதிரொலியை எடுத்துக்கொண்டது, காத்திருத்தலை விட்டுவிட்டது.

இதை மேட்டிமைப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். உறக்கமின்றித் தவிப்பவர்களிடம் ரைஷையும் ஷாரினோவையும் நீட்டுவது கொடுமை என்பது நமக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் நோயுற்ற பெரியவர் ஒருவருக்காக இரவுகளில் விழித்துக் கிடந்தோம். அதிகாலையில் கிடைக்கும் இரண்டு மணி நேர உறக்கத்துக்கு அந்த எட்டு மணி நேரக் குழல்தான் துணையாயிற்று. அதற்கு நாம் நன்றி மறக்கவில்லை. ஆயினும் அது பழகப் பழக வேறொன்று நேர்ந்தது. ஒருநாள் வகுப்பில் மடக்கணி அமைந்த செய்யுள் ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்தச் சொல் இரண்டாவது தடவை வரும்போது வேறு பொருளல்லவா?” என்றாள். ஆம், வேறு பொருள்தான். இருபது ஆண்டுகளாக நடத்திவரும் பாடம். திரும்பி வந்த சொல்லைக் காது கேட்டது, ஆனால் அது மாறிவந்ததைக் கேட்கவில்லை. மீண்டும் வருவதென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று காதுக்கு நாமே கற்பித்திருந்தோம். நம் அச்சம் இதுதான். திரும்பக் கூறலை உறக்கத்தின் குறியாக மட்டும் பழகிய காது, பல்லவிக்கும் அந்தாதிக்கும் மடக்குக்கும் செவிடாகிவிடும். நம் கவிதையில் பாதி திரும்பக் கூறலால் ஆனது.

ஆறுதலான செய்திகளும் உள்ளன. லண்டனின் ஜாஸ் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸ், தமக்குப் புகழ் தேடித்தந்த சாக்சபோனை 2023இன் இறுதியில் கீழே வைத்துவிட்டு ஷகுஹாச்சியையும் பிற குழல்களையும் கையிலெடுத்தார். 2024இல் வெளிவந்த அவரது தொகுப்பில் சிறு தொடர்கள் மெல்லிய குரலில் திரும்புகின்றன. புதுக்கருவியின் முன் மாணவராக அமர்ந்தவரின் கவனம் அவற்றில் இருக்கிறது. ராப் இசையில் பேரெடுத்த ஆந்த்ரே 3000, பாட்டே இல்லாத குழல் தொகுப்பாக ‘நியூ புளூ சன்’னை 2023 நவம்பரில் வெளியிட்டார். அதன் முதற்பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். பில்போர்டின் நூறு பாடல் வரிசையில் இடம்பெற்றவற்றுள் அதுவரை மிக நீண்டது அதுவே. தொகுப்பின் சில பகுதிகள் மிதந்து மிதந்து எங்கும் போய்ச் சேராமல் நிற்கின்றன என்பது நம் கருத்து. ஆனாலும், தேறிய கலைஞராக வேடம் கட்டாமல், தடுமாறும் மூச்சை மறைக்காமல் ஊதியிருக்கிறார். எட்டு மணி நேரப் பதிவுகளில் நாம் ஒருபோதும் கேட்க முடியாதது அந்தத் தடுமாற்றம்.

வாசகர்களிடம் ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறோம். ‘வெர்மான்ட் கவுன்ட்டர்பாயின்ட்’டை ஓரிரவு, உறங்கப் போகும் முன் அல்லாமல், மாலையில் முகம் கழுவி அமர்ந்து கேளுங்கள். முதல் முறை ஏதேனும் ஒரு குழலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் அது கைநழுவிவிடும். வருந்த வேண்டாம். அது நழுவிய இடத்தில் எவரும் ஊதாத மெட்டொன்று கேட்கும். அதுவரை காத்திருங்கள். ஒன்பது நிமிடம்தான்.